இடது பக்கத்தில் நின்றவன்

என் அப்பாவை ஒரு பொம்மைத் துப்பாக்கிக்காரன் ஒரே மத்தியானத்தில் ஐந்து தடவை சுட்டுக் கொன்றான். முதல் மூன்று தடவையும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போலிருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். ஒருநாள் ஓட்டம், மறுநாள் ஓய்வு. அப்படியொரு ஓய்வு நாளில் அப்பாவும் மகளுமாக எனக்குச் செருப்பு வாங்கப் போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்த வீடியோ கேம் கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு துப்பாக்கி மெஷின் இருந்தது. சென்னையில் யாரோ ஆடித் தேய்த்துக் கழித்துப்போட்டதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பெரிய திரை, வயரில் கட்டிய சிவப்புத் துப்பாக்கி, காலடியில் ஒரு பெடல். விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் வெள்ளையாக மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கியின் முனை உணர்ந்து, குறி எங்கே விழுந்தது என்று மெஷினுக்குச் சொல்லும். இதையெல்லாம் அப்பாவிடம் ஒரு பெரிய இஞ்சினியர் மாதிரி அளந்துவிட்டேன்.

"உங்களுக்கு வயசாயிட்டுப்பா. ஒரு ஆளைக்கூட உங்களால சுட முடியாது" என்று சீண்டினேன்.

"யாருக்குட்டி வயசு? இருவது வருசமா வண்டி ஓட்டுதேன், ரோட்டுல ஒரு கோழி செத்தது கிடையாது. கொண்டா அதை" என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.

கடைக்காரர் பெடலைக் காட்டினார். "மிதிச்சா நம்ம ஆளு எந்திரிச்சு நிப்பான் அண்ணாச்சி. காலை எடுத்தா சுவருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடுவான்."

அப்பா தலையாட்டினார். ஆனால் கால் கேட்க வேண்டுமே! திரையில் யாராவது குறுக்கே குதித்தால் போதும், வலது கால் தானாக பெடலை ஓங்கி மிதித்தது. அவருக்கு அது பிரேக். குண்டு மழை பொழிகிற நேரத்தில் அவருடைய ஆள் மட்டும் சுவரைவிட்டு எழுந்து, கல்யாண வீட்டு வாசலில் வரவேற்க நிற்பவரைப் போல நின்றான். "காலை எடுங்கப்பா, எடுங்க!" என்று நான் கத்த, "ஆளு வாரான், எப்படிட்டி எடுக்க?" என்று அவர் கத்த, கடையில் இருந்த நாலைந்து பேரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

மூன்று தடவை செத்த பிறகு கால் வசத்துக்கு வந்தது. அதன்பின் அப்பா பிரமாதமாகச் சுட்டார். வலது பக்கம் ஜன்னலில் எட்டிப் பார்த்தவன், நடுவில் பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கியவன், ஒருவனையும் விடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது திரையின் இடது ஓரத்தில் ஒருவன் வந்து நின்றான். சிவப்புச் சட்டை. ஒளியவில்லை, ஓடவில்லை. சாவகாசமாகக் குறிவைத்துச் சுட்டான். அப்பா செத்தார்.

"எவன்ட்டி சுட்டது?" என்றார்.

"இடதுல நிக்கான்லாப்பா, சிவப்புச் சட்டை."

"அங்கன ஒருத்தனும் இல்லியே."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆட்டம் மறுபடி தொடங்கியது. அதே இடம், அதே சிவப்புச் சட்டை. இந்தத் தடவை நான் திரையைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆள் எதிரே நிற்கிறான், அப்பாவின் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. வலது பக்கத்தை மட்டும் துழாவிக்கொண்டிருந்தார். சுடப்பட்டதும் திடுக்கிட்டு என்னைத் தேடினார். நான் அவருக்கு இடது பக்கத்தில், கை தொடும் தூரத்தில்தான் நின்றேன். "எங்கட்டி போயிட்ட?" என்று கேட்டார்.

படி இறங்கும்போது அவருடைய இடது காதுக்கு நேராக விரலை ஆட்டினேன். மெல்ல முன்னால் கொண்டுபோனேன். மூக்குக்கு நேராக வரும்வரை அவருக்கு அது தெரியவில்லை. போன மாதம் இரண்டு நாள் தலைவலி என்று படுத்திருந்தாரே, அப்போதுதான் தலைக்குள் ஏதோ ஆகியிருக்க வேண்டும்; அதன் பிறகு எத்தனை நடை ஓட்டியிருப்பார் என்று விரல்விட்டு எண்ணினேன்.

"ப்பா, உங்களுக்கு இடது பக்கம் தெரியல. டாக்டர்ட்ட போவோம்."

"போட்டி. மெசின் பழசு, ஒரு பக்கம் மங்கிப் போச்சு. ஒரு கண்ணைப் பொத்திட்டுப் பாத்தேன், தெரியுது. மறு கண்ணைப் பொத்துதேன், அதுலயும் தெரியுது. பிறகென்ன?" என்றவர், கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "முதலாளி காதுல போட்டுராத" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

முதலாளியிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. மறுநாள் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு அவர் பஸ்ஸிலேயே ஏறி, எஞ்சினுக்கு இடது பக்கம் உட்கார்ந்துகொண்டேன். "இடதுல ஆடு", "இடதுல சைக்கிள்" என்று நான் சொல்லச் சொல்ல, "எனக்கே ஓட்டப் படிச்சுக் குடுக்குதியா?" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங் கொஞ்சம் வலது பக்கம் ஒடிந்தது.

அது உளுந்து பிடுங்கும் காலம். எங்கள் கரிசல் பக்கம் காய்ந்த செடியை அள்ளி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி இறங்கினால் நெற்று உடைந்து பருப்பு உதிரும். சில டிரைவர்கள் வைதுகொண்டே வேகமாகப் போவார்கள். அப்பா மட்டும் வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து, செடி முழுக்க டயர் படும்படி ஓட்டிக் கொடுப்பார். அன்றும் அப்படித்தான் செடிமேல் ஏற்றினார். இடது ஓரத்தில் ஒரு அம்மா குனிந்து செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி நெருங்கியது. அவள் நிமிரவில்லை. அப்பா திருப்பவில்லை.

"ப்பா, ஆளு!" என்று அலறினேன். பிரேக் விழுந்தது. அவளுக்கும் பம்பருக்கும் ஒரு முழம்கூட இல்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எதுக்குட்டி இந்தக் கத்து கத்துத? உங்கப்பா வண்டிச் சத்தம் கேட்டா நாங்க விலகவே மாட்டோம். அண்ணாச்சி பாத்துக்கிடுவாவ."

"யாருட்டி பேசுதா?" என்றார் அப்பா. குரல் வந்த பக்கம் மெல்லத் தலையைத் திருப்பினார். திருப்பிக்கொண்டே போய், பம்பரை ஒட்டி நின்ற அவளைக் கண்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

எஞ்சினை அணைத்தார். கண்டக்டரைக் கூப்பிட்டு, ஆட்களை அடுத்த வண்டியில் ஏற்றிவிடச் சொன்னார். பிறகு இறங்கி, வண்டிக்கு முன்னால் சுற்றிப் போய் அந்த அம்மாவின் எதிரே கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"தாயி, இனிமே என் வண்டி வந்தாலும் விலகிக்கிடு" என்றார்.