தார் ரோட்டுக்கும் ஓடைக்கும் ஒரே டயர்

செருப்பு வாங்க வருகிறவர் தன் காலை நீட்டிக் காட்டுவார். டயர் வாங்க வருகிறவர் மட்டும், தான் போகிற வழியைச் சொல்லாமல், எதிரே நிற்கும் அடுத்தவர் வண்டியைக் காட்டி, அது மாதிரி ஒன்று கொடு என்பார்.

நீங்களும் அப்படி வாங்கியிருப்பீர்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில், ராசிபுரத்தில் லாரி டயர் கடைகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் டயருக்கென்று கடை போட்டவன் நான் ஒருவன்தான். தார் ரோட்டுக்குக் கோடு டயர், காட்டு வழிக்குப் பட்டன் டயர் என்று இரண்டே ரகம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கோ குடியிருப்பு உழவுக்காட்டுக்குள், பிழைப்பு தார் ரோட்டில். இரண்டுக்கும் ஆகிற மாதிரி ஒன்று இல்லையா என்று கேட்காத ஆளில்லை. இருக்கிறது என்று சொல்லாத நாளும் எனக்கில்லை.

கொழுத்த நாய்கள்

வெண்ணந்தூரைத் தாண்டிக் காட்டுக்குள் கோழிப்பண்ணை வைத்திருந்தவர் குப்பண்ணன். அதற்கு முன்னால் மச்சான் செங்கோடனின் லாரியில் பம்பாய்க்கு ஓடிக்கொண்டிருந்தார். போனால் ஊர் திரும்ப மாசமாகும். ஊட்டோடு இருந்து பார்க்கிற தொழில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கோழி வாங்க வைத்தவர் அவர் மனைவி பாவாயி. முட்டையை ராசிபுரம் கமிஷன் கடையில் கொண்டுவந்து போட, ராணுவ ஏலத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் எடுத்தார்கள். கேரியரில் இரண்டு பக்கமும் உமி போட்ட கூடை, நடுவில் பாவாயி.

ஏலத்து வண்டியோடு வந்தது பட்டன் டயர். ஒவ்வொரு பட்டனும் பணியாரம் அளவு இருக்கும். ஓடையில் யானை மாதிரி இறங்கி ஏறியது. தார் ரோட்டுக்கு வந்ததும் மாவு மில் மாதிரி உறுமி நடுங்கியது. கூடையிலிருந்து ஒழுகிய மஞ்சக்கருவை நக்கி நக்கி, வழியிலிருந்த நாயெல்லாம் கன்றுக்குட்டி அளவுக்குக் கொழுத்துவிட்டது. அதில் ஒன்றை வண்டியில் பூட்டிப் பார்க்கலாமா என்று ஒருவர் நுகத்தடியோடு வந்ததை நானே பார்த்தேன். கமிஷன் கடைக்காரர் மெட்ராஸ் லாரிக்கு முட்டை ஏற்றுகிறவர். கூடையை எட்டிப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார். அன்றைக்கும் உடைந்தால் கோழியை விற்க வேண்டியது, குப்பண்ணன் மறுபடி பம்பாய் லாரியில் ஏற வேண்டியது. கடைக்காரர் சொன்னது இதுதான்: "இப்படியே கொண்டு வாரதுன்னா, முட்டை வேண்டாமுங்க. கோழியவே லாரியில ஏத்தி உடுங்க, மெட்ராஸ்ல எறங்கி வெக்கட்டும்."

நீந்திய கூடை

என் கடைக்கு வந்தார்கள். ஆடுதா, அப்படியானால் கோடு டயர்தான் என்று இரண்டு சக்கரத்துக்கும் மாட்டி அனுப்பினேன். வழியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தார் ரோட்டில் பாவாயி பின்னால் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே வரலாம், அவ்வளவு சுகம். ஆனால் தார் ரோட்டுக்கு வர முதலில் ஓடையைத் தாண்ட வேண்டுமே. களிமண் கரையில் முன்சக்கரம் கிழக்கே போக, பின்சக்கரம் மேற்கே போக, குப்பண்ணன் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கூடை உமியோடு மிதந்து அடுத்த தோட்டத்தில் ஒதுங்கியதாம். அங்கே ஒரு கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் கடைசி வரைக்கும் தண்ணீரைக் கண்டால் வாத்து மாதிரி குதித்தன என்று கேள்வி. சேலையில் சேறு காய்ந்திருக்க, பாவாயி நேராக என் கடைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன். அவர் உட்காரவுமில்லை, சத்தம் போடவுமில்லை. "ஏனுங், டயர்க்காரரே, நீங்க எங்க ஓடைய எப்பவாச்சும் பாத்திருக்கறீங்களா?"

விரல் கணக்கு

மறுநாள் போய்ப் பார்த்தேன். வழியில் முக்கால்வாசி தார், மிச்சமெல்லாம் உழவுக்காடும் ஓடையும். திரும்பி வந்து, ஸ்டாக்கில் இருந்த டயரையெல்லாம் தரையில் பரப்பினேன். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் கட்டைவிரல் போனால் அது காட்டு டயர். எந்த விரலும் போகாவிட்டால் தார் டயர். சுண்டுவிரல் மட்டும் போகிற மாதிரி நெருக்கமான பட்டன் ஒன்று, யாரும் கேட்காமல் மூலையில் கிடந்தது. இடைவெளி இருப்பதால் சேற்றைக் கடிக்கும், நெருக்கமாக இருப்பதால் ரோட்டில் குலுங்காது. அதைப் பின்னாலும் கோடு டயரை முன்னாலும் மாட்டினேன். ஓடையில் வண்டி வழுக்காமல் ஏறியது. குப்பண்ணன் கரை மேல் நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஒத்திகைக்குக் கூடையோடு ஓட்டிப் பார்த்தோம். முன்பைவிடக் குறைவுதான், ஆனாலும் உடைந்தது. பாவாயி உடைந்ததைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். லாரிக்குப் பாடி கட்ட விட்டுவிட்டுப் பண்ணையில் தங்கியிருந்த அவருடைய அண்ணன் செங்கோடன்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். மாப்பிள்ளை மேல் அவருக்குப் பிரியம் அதிகம், தனியாகப் பம்பாய் போகப் பயமும் அதிகம். "ஒரு டயருக்காக ஏனுங் இத்தனை ரோசனை? மாப்பிள்ளைய எங்கூட லாரிக்கு அனுப்புங்க. ஆறு டயரு ஓடுது, ஒண்ணாச்சும் சரியா இருக்குமில்ல."

டங்கும் தொப்பும்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய்விட்டேன். கூடை கட்டுவதற்கு முன்னால், செங்கோடன் ஒரு இரும்புக் கம்பியோடு வந்து மோட்டார் சைக்கிள் டயரைத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். லாரிக்காரர்கள் கிளம்பும் முன் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். 'டங்' என்றால் காற்று இருக்கிறது என்று அர்த்தம். இவருக்கு 'டங்' போதவில்லை. பம்பை எடுத்து ஏறி மிதித்தார். கல் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு அடிக்கிற மாதிரி அடித்தார். தங்கச்சி வண்டிக்கு, வாங்கிய நாளிலிருந்தே தினமும் காலையில் தான் செய்கிற உபகாரம் இது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். டயரைத் தொட்டேன், அம்மிக்கல். ஏலத்தில் வந்த அந்தப் பட்டன் டயர் மேல்கூட எனக்கு அப்போது இரக்கம் வந்தது.

வால்வை அமுக்கினேன். பக்கத்துத் தோட்டத்து வாழை சாய்ந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன். கம்பி 'தொப்' என்கிற வரைக்கும் இறக்கினேன். பஞ்சர் வண்டியில் ஆளை அனுப்புகிறீர்களே என்று செங்கோடன் தலையில் அடித்துக்கொண்டார். வண்டி ஓடையில் மெத்தென்று இறங்கி, மெத்தென்று ஏறி, ரோட்டில் சத்தமில்லாமல் போனது. பின்னாலேயே நாங்கள் இருவரும் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது, கமிஷன் கடைக்காரர் இரண்டாவது கூடையின் அடி உமியைக் கிளறிக்கொண்டிருந்தார். நம்ப முடியாமல் ஒரு முட்டையைத் தானே தட்டிப் பார்த்தார். அன்றைக்கு உடைந்தது அது ஒன்றுதான். கூடைகள் மெட்ராஸ் லாரியில் ஏறின. வழியில் தட்டிப் பார்க்கச் சொல்லி அண்ணன் கேரியரில் செருகி அனுப்பியிருந்த கம்பியை, பாவாயி உருவி அவர் கையில் கொடுத்தார். "இந்தக் கம்பிய நீங்க லாரியிலயே வெச்சுக்கோங்கண்ணா. எங்கூட்டுக்காரர நான் எங்கூட்லயே வெச்சுக்கறேன்."

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு அந்தச் சுண்டுவிரல் டயரை விற்றேன். ஆனால் குப்பண்ணனைப் பம்பாய் போகாமல் பிடித்து வைத்தது நான் காசு வாங்காமல் இறக்கிவிட்ட காற்றுதான் என்பதை மட்டும் கடைப் பலகையில் எழுதி வைக்கவில்லை.