முகம் தெரியாத மணப்பெண்

திலிம்சான் ஊரில் ஸுலீகாவைப் பிடிக்கும் என்று சொல்ல ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடாத வீடும் கிடையாது. பெண்கள் மட்டும் கூடும் மண்டபத்தில் வாசலிலேயே எல்லாருடைய செல்போனையும் வாங்கிக் கூடையில் போட்டுவிடுவார்கள். உள்ளே போகும் ஒரே கேமரா ஸுலீகாவுடையது. அவளை நம்பித்தான் பெண்கள் தலைத்துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஆடினார்கள். படங்கள் மொத்தமும் பெண்ணின் தாயிடம் போய்ச் சேர வேண்டும், ஒரு பிரதிகூட வெளியே தங்கக் கூடாது என்பது ஏற்பாடு.

எடுப்பது அவள், பெயர் புருஷனுக்கு. ஸ்டூடியோ அவனுடையது, பெண்கள் கூட்டத்தில் நுழைய முடியாததால் இவளை அனுப்பிவிட்டு, படத்தின் மூலையில் தன் முத்திரையைக் குத்திக்கொண்டான். அது ஒரு வயிற்றெரிச்சல் என்றால், படங்களே இன்னொரு வயிற்றெரிச்சல். தாடையைத் தூக்கு, சிரி, மாமியார் தோளில் கை போடு. அத்தனையும் பொய். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது மட்டும்தான் மனிதர்கள் உண்மையாக இருக்கிறார்கள், அதைப் பிடிப்பதுதான் கலை, மற்றதெல்லாம் பிழைப்பு என்பது அவள் கட்சி.

போன வருடம் அப்படி ஒன்று சிக்கியது. மணப்பெண் வஸீலா சரிகை உடையும் கழுத்திலிருந்து இடுப்புவரை முத்துமாலைகளுமாகப் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துக் குனிந்து நின்று, அவித்த முட்டை ஒன்றை அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். ஸுலீகா கதவிடுக்கில் நின்று முதுகை மட்டும் எடுத்தாள். அந்த ஒரு படத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஊர்க் கலாச்சார மாளிகையில் புகைப்படக் கண்காட்சி என்றதும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முகம் தெரியவில்லை, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தாள். படத்தின் கீழே முதல்முறையாக அவள் பெயர். தினமும் போய் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு நாள் அவள் அங்கே நிற்கும்போது வஸீலாவின் தாய் நஃபீஸா மகளையும் நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"ஏ ஸுலீகா, வெக்கம் மானம் இருக்கா உனக்கு? எங்க பொண்ணை ஊருக்கே காட்சி வச்சிருக்கே!"

"முகம் எங்கே இருக்கு, காட்டு பாப்போம்."

"முகம் வேற வேணுமா? பின்கழுத்துல அந்த மாலைக் கொக்கி உடைஞ்சு, செவப்பு நூல் போட்டுக் கட்டினவ நான். இந்த ஊர்ல எந்தப் பொம்பளைக்கு அது யார் வீட்டு மாலைன்னு தெரியாது?"

வாஸ்தவம். அந்த ஊர்ப் பெண்கள் முகத்தை மறந்தாலும் நகையை மறக்க மாட்டார்கள். அத்தனை கல்யாணம் பார்த்தவளுக்கு அது தோன்றாமல் போனதற்குக் காரணம் பெயர் ஆசைதான்.

கண்காட்சி நிர்வாகி ரித்வான் ஓடி வந்து, ஹஜ் போய்வந்த நஃபீஸாவிடம் பணிவாகக் குனிந்தார். "கழட்டிடலாம் ஹாஜ்ஜா, இப்பவே கழட்டிடலாம்."

"நேத்து இதுக்கு முன்னால நின்னு கண்ணைத் தொடைச்சியே, அதென்ன, தூசி விழுந்துச்சா?" என்று ஸுலீகா அவர்மேல் பாய்ந்தாள். "கை வச்சே, ஒடிச்சிடுவேன். நான் எடுத்ததுலயே உண்மையான படம் இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அவ ஆத்தா சொன்னதுக்குச் சிரிச்சது."

தாய்க்குப் பின்னால் நின்ற வஸீலா முன்னே வந்து, மூத்த பெண்களைக் கூப்பிடும் மரியாதையோடே ஸுலீகாவை லல்லா என்று அழைத்தாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"உண்மைதான் லல்லா. அன்னைக்கு விடிஞ்சதுலேர்ந்து எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த முட்டையைத் தின்னப்பதான் யாரும் இல்லேன்னு நெனச்சேன். அங்கேயும் நீங்க நின்னிருக்கீங்க."

 ஸுலீகாவே படத்தைச் சுவரிலிருந்து கழற்றி நீட்டினாள்.

"எடுத்துக்கோ. எரிச்சிடு."

வஸீலா கை நீட்டவில்லை. "இதை எரிச்சிடலாம். நீங்க பாத்ததை என்ன பண்றது? அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம். வராதீங்க. கேமரா இல்லாமக்கூட வராதீங்க."