வராத பார்சலைக் கேட்டு வந்தவர்

பார்சல் ஆபீசின் மூன்றாவது ஜன்னலில் உட்காருகிறவளை எல்லோரும் பார்சல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அதே ஜன்னல், அதே சுழல் நாற்காலி. நாற்காலி சுழல்வதை நிறுத்தியே நாலு வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் வந்த பார்சலை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. இப்போது பாதி நாள், வராத பார்சலை வரவில்லை என்று சொல்வதிலேயே போய்விடுகிறது.

தினமும் நாலைந்து பேராவது போனை நீட்டிக்கொண்டு வருவார்கள். ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்த லிங்க்கைத் தொட்டுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று அதில் ஒரு செய்தி இருக்கும். அவளும் சலிக்காமல் சொல்லுவாள்: “எதையும் தொடாதீங்க. யார் என்ன சொன்னாலும் போனை வச்சுட்டு, உங்ககிட்ட இருக்கற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க.” சிலர் தலையாட்டுவார்கள். சிலர், ஏதோ அவளே பார்சலை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பதுபோல முறைப்பார்கள். சலிக்காமல் என்றா சொன்னேன்? அது ஆரம்பத்தில். கரடியாய்க் கத்தி ஓய்ந்த பிறகு அதே வார்த்தைகள் தானாக வாயிலிருந்து விழுந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான்.

இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த தையல்காரரும் அப்படித்தான் வந்தார். அறுபது வயது இருக்கும். மனைவி இறந்து மூன்று வருஷம். அளவு நாடா கழுத்திலேயே தொங்கும், கழற்ற மறந்துவிடுவார். கப்பலில் நர்ஸாக இருப்பதாகச் சொன்ன ஒரு பெண் அவரோடு போனில் ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கோட்டும் கைக்கடிகாரமும் அனுப்பியிருக்கிறாளாம். சுங்கக் கட்டணம் என்று இரண்டு தடவை இவர் பணம் கட்டியாயிற்று.

“இது நம்ம பார்சல் நம்பரே இல்லண்ணே. நம்மளது பதிமூணு இலக்கம், இதுல பதினொண்ணுதான் இருக்கு.”

“வெளிநாட்டுலேர்ந்து வந்தா ரெண்டு குறைவா இருக்கும்.”

“இருக்காதுண்ணே. யாரோ உங்களை ஏமாத்தறாங்க. இனிமே ஒத்தைக் காசு அனுப்பாதீங்க.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “நீ அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கியா? வாய்க்கு வந்ததைச் சொல்றியே!” நேரே மேனேஜரிடம் போய்ப் புகார் சொன்னார். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, “இருக்கு, இல்லைன்னு சொல்லு. அதோட விடு. உனக்கெதுக்கு ஊர் வம்பு?” என்றார். அவளுக்கும் சண்டை போடத் தெம்பில்லை. சரி சார் என்று வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகும் தையல்காரர் வந்தார். வேலை நாள் தவறாமல், காலை பதினோரு மணிக்கு. அவள் அந்தப் பதினொரு இலக்கத்தையும் கம்ப்யூட்டரில் அடிப்பாள். “இல்லண்ணே.” “சரிம்மா.” அவ்வளவுதான் பேச்சு. அடிக்காமலே சொல்லியிருக்கலாம்தான். மனசு வரவில்லை.

ஒரு நாள் மற்ற இரண்டு ஜன்னல்காரர்களும் லீவு. மூன்று ஜன்னல் கூட்டமும் அவள் தலையில். முழங்கால் வீங்கியிருந்தது, காலையில் எதுவும் சாப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வெளியூரில் படிக்கும் அவள் மகளுடைய ஹாஸ்டலிலிருந்து பேசுவதாக ஒரு ஆள் சொன்னான். பெண் மாடிப்படியில் விழுந்து தலையில் அடி, உடனே ஆபரேஷன், முன்பணம் கட்டினால்தான் உள்ளே எடுப்பார்கள். பின்னால் ஒரு பெண் குரல், “அம்மா… அம்மா…” என்று தேம்பியது.

“லைனைக் கட் பண்ணாதீங்கம்மா. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.”

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியும், கையில் எடுத்துத் தட்டியும், அவன் சொன்ன கணக்குக்கு மூன்று மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டாள். இன்னும் அவ்வளவு வேண்டும் என்றான் அவன். அனுப்பத்தான் போனாள். ஜன்னலுக்கு வெளியே தையல்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்மா, முகமெல்லாம் வெளிறிப் போச்சே?”

“மகளுக்குத் தலையில அடிண்ணே. ஆபரேஷனாம். பணம்…”

“மகளுக்கே கூப்பிட்டுப் பாத்தியா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவர் தன் போனை எடுத்தார். “நம்பரைச் சொல்லு.” அவள் சொல்லச் சொல்ல, தையல் விரலால் நிதானமாக அழுத்தி, ஜன்னல் வழியே போனை நீட்டினார்.

“யாரு? அம்மாவா? யார் நம்பர் இது? கிளாஸ் நடக்குதும்மா, அப்புறம் பேசறேன்.”

அவ்வளவுதான். பார்சல் அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சொன்னவள். எழுந்து எங்காவது ஓடிவிட்டால் தேவலை போலிருந்தது.

“அழுவறதை அப்புறம் வச்சுக்கலாம்,” என்றார் தையல்காரர். “ஏ.டி.எம். அட்டைக்குப் பின்னால பேங்க் நம்பர் இருக்கும், இப்பவே கூப்பிடு. பணத்தை நிறுத்தச் சொல்லு. நான் வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு மாசம் வாயைத் திறக்கலை. அப்புறம் போனா, போனது போனதுதான்னுட்டாங்க.”

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் திரும்பி, “கொஞ்சம் பொறுங்கப்பா, யாருக்கும் நேரலாம்,” என்றார். அவள் பேங்க்குக்குப் பேசினாள். பாதிக்கு மேல் தடுத்துவிட்டார்கள். மீதி கிடைக்கவில்லை, இன்றுவரைக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டாள்: “அப்போ உங்களுக்கும் தெரியுமாண்ணே? அந்தப் பார்சல்…”

“தெரியும்மா. ரெண்டாந்தடவை கட்டினப்பவே தெரியும்.” நாடாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டார். “அடுத்தவங்க விஷயம்னா பட்டுனு புரியுது. நம்ம விஷயம்னா, இங்க வந்து கேக்கற வரைக்கும் அது இல்லைன்னு ஆகலை பாரு. கேட்டுட்டுப் போனா, நாளைக்குக் கேக்கலாம்னு இருக்கும். வீட்டுல வேற யாரு பேசறா?”

“நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கணும். தனியாப் போகக் கூச்சமா இருக்கு. நீங்களும் வந்து உங்களதையும் எழுதிக் கொடுங்களேன்,” என்று கேட்டாள்.

அன்று வீட்டில் கணவன் முழுசையும் கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவி எடுத்து வைத்தான். பிறகு, “சாப்பிடு முதல்ல,” என்றான்.

மறுநாள் ஸ்டேஷன் பெஞ்சில் அவர்களுக்கு முன்னால் ஒன்பது பேர். எல்லோருமே போனைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தன்னுடையதைப் பத்து வரியில் முடித்துவிட்டாள். தையல்காரர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். முன்பக்கம் நிறைந்து பின்பக்கமும் நிறைந்தது.

“பெரியவரே, எப்போ, எவ்வளவு, எந்தக் கணக்கு, அது போதும்,” என்றார் போலீஸ்காரர்.

“இன்னொரு தாள் கிடைக்குமா?” என்றார் தையல்காரர்.

பார்சல் அக்கா வலிக்கும் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. எழுந்திருக்காமல் அவர் எழுதி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.