பாலத்தில் பின்னால் உருண்ட கார்

என் காரைச் செய்த கம்பெனிக்காரர்களே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

விபத்தில் இடது காலை இழந்தவன் நான். கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியரைக் கம்ப்யூட்டரே மாற்றும் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் அந்த ஆட்டோமேட்டிக் காரை வாங்கினேன். அவனியாபுரத்திலிருந்து கப்பலூருக்கு அதில்தான் வேலைக்குப் போனேன்.

ஒரு காலையில் பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். இன்ஜின் அலறியது, ஆனால் கார் பின்னால் உருண்டது. பின்னால் ஆள் நிறைந்த ஷேர் ஆட்டோ. நல்லவேளை, பிரேக் பிடித்தது. ஆட்டோக்காரர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

“கியர் போட வேண்டாம்னு சொல்லித்தான வித்தாய்ங்க? இதுல கியரே இல்ல போலண்ணே!” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

சர்வீஸ் சென்டரில் சோதித்தவர், “கம்ப்யூட்டர்ல எந்தக் கோளாறும் காட்டல சார். இடது காலால எதையாச்சும் மிதிச்சிருப்பீங்க. நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க” என்றார்.

“என் இடது கால் எங்கய்யா இருக்கு? குனிஞ்சு பாரு!” என்று கத்தினேன். அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னால் நம்புவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுவாரமும் அதே பாலத்தில் உருண்டது. இப்போது கார் வாசலில் கிடக்கிறது. வேலை போய்விட்டது. கிளட்ச் உள்ள காரை என்னால் ஓட்ட முடியாது. இதில் ஏறவும் தைரியம் இல்லை.

உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால் அது கோளாறே இல்லையா? எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். இந்தக் காரை வாங்கிய எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.