மஞ்சள் தோட்டத்துக் குடோனும் வெள்ளைக் காரும்

வருமானவரிக் கணக்கு போட்டுத் தரும் தொழிலில் முதல் வேலை, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது. நாமக்கல்லில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். என் வீட்டு மாடியிலும் ஒரு குடித்தனம் இருக்கிறது. வரி மெசேஜ் வந்தால் எனக்கும் பயம்தான்.

துண்டுக்குள் போன்

பரமத்தி வேலூர்ப் பக்கத்து விவசாயி நல்லப்பன் அண்ணன், செல்போனைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். வருமானவரி இலாகாவிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறதாம். படித்தீர்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். போனை என் மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தொறந்தா, நாம பார்த்தது அவங்களுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க."

மேலே தகரம்

நானே திறந்தேன். வாடகை வருமானம் கணக்கோடு ஒத்துவரவில்லை, சரிபார்க்கவும் என்று இருந்தது. அண்ணன் தன் தோட்டத்து ஓரத்தில் குடோன் கட்டி, கோழித்தீவனக் கம்பெனிக்கு விட்டிருந்தார். தோட்டத்தில் வருவதெல்லாம் விவசாய வருமானம், அதற்கு வரி கிடையாது என்பது அவர் நினைப்பு. வாடகையையும் அப்படியே காட்டிவிட்டார். கம்பெனியோ மாதாமாதம் வாடகையில் வரி பிடித்து அவர் பேரில் கட்டிவந்தது. இலாகாவுக்குத் தெரியாமல் இருக்குமா?

கம்பெனி குடோன் வாடகை விவசாயத்தில் சேராது என்றதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வாடகையில் நூற்றுக்கு முப்பது கழித்துக்கொள்ளலாம், ஏற்கெனவே பிடித்த வரியும் கழியும், மீதியைக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டித் திருத்திய கணக்கு போட்டால் தீர்ந்தது என்றேன். எதுவும் காதில் ஏறவில்லை.

"மஞ்ச வெளஞ்ச மண்ணுங்க. மேல தகரத்தைப் போட்டா அது தோட்டமில்லாமப் போயிருமுங்களா?"

கரும்புக்குள் இரண்டு பேர்

அடுத்த வாரம் அவர் மனைவி சரஸ்வதி அக்கா தனியாக வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. டீக்கடையில் யாரோ, வெள்ளைக் காரில் நாலு பேர் வருவார்கள், நிலத்தையே எழுதி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு நாள் பட்டப்பகலில் உண்மையாகவே ஒரு வெள்ளைக் கார் அவர்கள் வாசலில் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டதுமே இரண்டு பேரும் பின்பக்கமாக ஓடிக் கரும்புக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். நாய் குரைத்து ஓய்ந்தது. கார் போன பிறகுதான் பக்கத்துத் தோட்டக்காரர் வந்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வந்தது அக்காவின் சொந்த அண்ணன். மகன் கல்யாணத்துக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க, பங்காளிகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தங்கையும் மாப்பிள்ளையும் ஓடுவதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். அத்தை முறைக்குச் சீர் செய்ய வேண்டியவர் அக்கா.

"சீருக்குப் பயந்துக்கிட்டு ஓடறாங்கன்னு சொல்லிட்டு, தட்டோட திரும்பிப் போயிட்டாருங்க."

கட்டி முடித்த பிறகு

திருத்திய கணக்கு போட்டோம். கட்ட வேண்டிய தொகை அண்ணன் பயந்ததில் கால்வாசிகூட வரவில்லை. நிலம் அங்கேயேதான் இருக்கிறது, குடோனில் தீவன மூட்டையும் இருக்கிறது. அக்கா தன் அண்ணன் வீட்டுக்கு மூன்று தடவை போய்விட்டார். யாரும் கதவைத் திறக்கவில்லை. கல்யாணமும் முடிந்துவிட்டது. வரி கட்டிய ரசீதைக் கொடுத்தபோது, அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வரியக் கட்டிட்டமுங்க. நாங்க சீருக்குப் பயந்து ஓடலைன்னு எங்கண்ணங்கிட்ட எதைங்க காட்டறது?"

இப்போதெல்லாம் என் வீட்டு வாசலில் வெள்ளைக் கார் நின்றால், யாராக இருந்தாலும் சரி என்று நானே போய்க் கதவைத் திறந்துவிடுகிறேன்.