டோரீனின் கைவலி

லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரியில் பில் போடும் டோரீனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடவே இருந்த தங்கை, மெல்போர்னிலிருக்கும் மகனிடம் போய்விட்டாள். அதற்கப்புறம் வீட்டில் டிவியைத் தவிர வேறு பேச்சுச் சத்தம் கிடையாது.

ஊசியே இல்லாமல் ஃப்ளூ தடுப்பு மருந்து போடும் கருவியை, நோய்நொடி இல்லாத ஆட்களிடம் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று சர்ச்சில் யாரோ சொன்னார்கள். டோரீன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயர் கொடுத்தாள். நர்ஸ் வீணா, தடித்த பேனா மாதிரி இருந்த கருவியை அவள் மேல்கையில் வைத்து அழுத்தினாள். டப்பென்று ஒரு சத்தம். ரப்பர் பேண்டால் சுண்டிவிட்டது போல இருந்தது, அவ்வளவுதான்.

அதன்பின் தினமும் சாயங்காலம் வீணாவிடமிருந்து போன் வரும். வீட்டில் கன்னடம் பேசுகிறவள். தமிழை இழுத்து இழுத்துப் பேசுவாள்.

"கை நோவு இருக்கா மேடம்? ஜுரம்? ஊட்டா ஆச்சா?"

சாப்பிட்டாச்சா என்ற அந்தக் கேள்விக்குத்தான் டோரீன் நீளமாகப் பதில் சொல்வாள்.

ஒரு நாள் வீணா சொன்னாள்: "எல்லாம் சரியாயிடுச்சு மேடம். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

டோரீனுக்கு வாய் முந்திக்கொண்டது. "இல்லம்மா, இன்னும் வலிக்குது. வீங்கின மாதிரி இருக்கு."

மறுநாளே வரச் சொன்னார்கள். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், அழுத்திப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. "இவ்வளவு நாள் வலி இருக்குன்னா, மெஷின்லதான் கோளாறுன்னு நாங்க எழுதணும்," என்றார் கவலையாக.

டோரீன் அவசரமாகக் குறுக்கிட்டாள். "எழுதாதீங்க டாக்டர். வலி அப்பவே போயிடுச்சு. நான் சும்மா சொன்னேன்."

"ஏம்மா?"

அவள் வீணாவைப் பார்த்தாள். வீணாவுக்குப் புரிந்துவிட்டது. கேட் வரை கூடவே வந்து, "சும்மா பேசணும்னாலும் கூப்பிடுங்க மேடம்," என்றாள்.

டோரீன் கூப்பிடவில்லை. எத்தனையோ தடவை நம்பரை எடுத்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது ஒரு பிளம் கேக்கை வாங்கிக்கொண்டு நேரிலேயே போனாள்.

"வீணா சிஸ்டரா? மைசூருக்கு மாறிப் போயிட்டாங்களே," என்றார் வாசலில் நின்ற செக்யூரிட்டி.

டோரீன் கேக்கை அவரிடமே கொடுத்துவிட்டு, வேலைக்குப் பஸ் ஏறினாள். கடையில் அன்று நல்ல கூட்டம்.