குளிர்பெட்டியிலிருந்து நான் எடுத்து வைத்த கண்ணாடிக் கிண்ணம்

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில் மலாக்கா பக்கம் பாயா ரும்புட்டில் மகன் வீட்டில் நடந்தது இது. செலண்டார் பக்கம் ரப்பர் தோட்டப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். மனைவி போன பிறகு மகனோடு வந்து தங்கினேன். அவன் தானே பார்த்துக் கட்டிக்கொண்ட பெண் மருமகள். அவளிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை, சாதாரணமாகவும் பேசியதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக அவள் அப்பா அம்மா சாப்பிட வருவதாக இருந்தது. புரட்டாசி சனிக்கிழமை. மருமகள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் டாக்கோ சாலட் என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருந்தாராம். வெள்ளி மாலையே செய்து முடித்தாள். கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் கீரை மாதிரி சாலட் இலை, மேலே பழுப்பாக ஏதோ மசாலா, அதன்மேல் தக்காளி, கெட்டித் தயிர், சீஸ் துருவல் என்று அடுக்கடுக்காக இருந்தது. மேலே தூவ வேண்டிய சோளச் சிப்ஸை, நமத்துப் போகுமென்று தனியே பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். கிண்ணத்தை நான் இருந்த இடத்துக்கே தூக்கி வந்து காட்டினாள். நான் பத்திரிகையிலிருந்து தலை நிமிராமல் “ம்” என்றேன்.

விடியற்காலையில் பூஜைக்குப் பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். பாலை ஒட்டி அந்தக் கிண்ணம். கண்ணாடி வழியே பழுப்பு அடுக்கு தெரிந்தது. கொத்திய கறியேதான். புரட்டாசி சனிக்கிழமையில், பெருமாளுக்கு வைக்கும் பாலுக்குப் பக்கத்தில். மருமகள் அடுத்த அறையில்தான் வேலைக்குப் போகச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். அரைநாள் வேலை அவளுக்கு. நான் கூப்பிடவில்லை. கிண்ணத்தை எடுத்துப் பின்கட்டில் துணி துவைக்கும் சிமெண்டு மேடையில் வைத்துவிட்டு, குளித்துக் கோயிலுக்குக் கிளம்பினேன்.

மத்தியானம் திரும்பியபோது சம்பந்திகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் கிண்ணத்தோடு சமையலறை வாசலில் நின்றாள். இலை கறுத்து, தயிர் நீர்விட்டு, புளித்த வாடை கூடம்வரை வந்தது.

“மாமா, இத யாரு வெளிய வச்சா?”

“நான்தான்மா. பெரட்டாசி சனிக்கிழமை கவுச்சிய பாலுகிட்ட வைக்கலாமா?” என்றேன், அவள் பெற்றோர் காதில் விழும்படியே.

அவள் குரலை உயர்த்தவில்லை. “கவுச்சி இல்ல மாமா. சிவப்பு பீன்ஸும் சோயாவும். அந்தம்மா கறி போட்டுத்தான் செய்வாங்க. நீங்க வெரதம், எங்களோட உக்காந்து சாப்புடணும்னுதான் இப்படிச் செஞ்சேன்.”

மகன் தரையைப் பார்த்தான். அவள் அப்பா லாரி ஓட்டுபவர். அவர்தான் சட்டென்று எழுந்து பிஸ்கட் டின்னைத் திறந்தார். “பரவால்ல லா சம்பந்தி, இது நல்லாத்தானே இருக்கு. ஊறுகா இருந்தா கொண்டாம்மா, தொட்டுக்குவோம்.”

சோற்றுக்கு ரசம் வைத்தாள். எல்லோரும் சிப்ஸைக் கடித்தோம். நமத்துப் போகாமல் மொறுமொறுவென்றுதான் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. சாயங்காலம் கேட்கலாம் என்று விட்டேன். சாயங்காலமும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தச் சாலட்டைச் செய்யவில்லை. ஆனால் குளிர்பெட்டியில் எதை வைத்தாலும் முதலில் என்னிடம் வந்து, “மாமா, இது பருப்பு,” “மாமா, இது கத்திரிக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பாள். குத்திக்காட்டவில்லை, பயம் பழக்கமாகிவிட்டது. வேண்டாம்மா என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். எனக்கும் வயதாகிவிட்டது, அவளுக்கும் நரைத்துவிட்டது. அன்று விடியற்காலையில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்விக்கு, அவள் இன்னும் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.